கல்லடியும் கார்ப் பெயின்டும்: பாதுகாப்பு பிலிம் யாருக்குத் தேவை, எங்கே தேவை?

"அண்ணை, காருக்கு பி.பி.எப். ஒட்டலாமோ? காசு வீணாகாதோ?"

கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் ஆகக் கூடுதலாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பாவித்த வாகனம் வாங்கப் போகிறவர்களுக்கு அதைப் பார்த்து அதன் உண்மை நிலையைச் சொல்வது என்னுடைய தொழில். இருப்பது வெள்ளவத்தையில். வேலை பெரும்பாலும் கொட்டாஞ்சேனையிலும் பஞ்சிகாவத்தையிலும். கேட்கிறவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு நல்ல வாகனத்துக்குச் சொந்தக்காரராகியிருப்பவர்கள். சிலர் லீசிங் போட்டு வாங்கியவர்கள். சிலருக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணனோ மாமாவோ காசு அனுப்பியிருப்பார். அந்த அண்ணனே தொலைபேசியில் "முதல் வேலையா பிலிம் ஒட்டு" என்றும் சொல்லியிருப்பார்.

கேள்வி சிறியது. ஆனால் முழுக் காருக்கும் பிலிம் ஒட்டப் பல இலட்சம் ரூபாய் கேட்கிறார்கள். ஆகவே ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

நல்ல வீதியில்தான் கல்லடி அதிகம்

பலருக்கு இது வியப்பாக இருக்கும். பள்ளமும் மேடுமான வீதியில் கார் குலுங்கும், ஆனால் பெயின்ட் அவ்வளவாக உடையாது. காபட் போட்ட வீதியில்தான் உடைகிறது. காரணம் வேகம். பறந்துவரும் கல்லின் தாக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும்போது படும் கல்லைவிட, அதே கல் 100 கிலோமீற்றரில் படும்போது நான்கு மடங்கு சக்தியோடு அடிக்கும்.

ஏ-9 வீதியை நினைத்துப் பாருங்கள். 2002 சமாதான காலத்தில் அது திறந்தபோது குண்டும் குழியுமாகக் கிடந்தது. வாகனங்கள் ஊர்ந்துதான் போயின. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. போர் முடிந்தபின் திறந்து, அகலமாக்கி, காபட் போட்டார்கள். இன்று அதே வீதியில் வாகனங்கள் பறக்கின்றன. ஆனால் வீதியின் இரு கரையிலும் கிரவல். குறுக்கு வீதிகள் பலவும் கிரவல். மணலும் சல்லியும் ஏற்றிய டிப்பர்கள் அந்தக் கிரவலை ரயரில் அள்ளிக்கொண்டு வந்து காபட்டில் உதிர்த்துவிட்டுப் போகின்றன. பின்னால் வருகிறவரின் பொனெட்தான் அதற்கு விலை கொடுக்கிறது.

தெற்கு அதிவேக வீதி 2011இலும், கட்டுநாயக்க அதிவேக வீதி 2013இலும் திறக்கப்பட்டன. மத்திய அதிவேக வீதியின் மீரிகம - குருநாகல் பகுதி 2022இல் திறந்தது. அதிவேக வீதிகளில் ஆகக்கூடிய வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அங்கே மண் குறைவு. ஆனால் ஒரு சிறு கல் கிடந்தாலும் அது அடிக்கும் அடி பலமானது.

கொழும்புக்குள்ளும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. கொட்டாஞ்சேனையிலும் புளூமெண்டல் பக்கத்திலும் துறைமுகத்துக்குப் போய்வரும் கொன்ரெயினர் லொறிகள் அதிகம். வேகம் இல்லை, தூசியும் உராய்வும் உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியின் நெரிசலில் கல் பறக்க வழியில்லை. ஆனால் அங்கே கடல் இருக்கிறது. மரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கைகளில் இரும்புக் கேற்றுகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு. உப்புக் காற்று பெயின்டை உடைக்காது. உடைந்த இடத்தை விட்டும் வைக்காது. ஏ-9இல் வாங்கிய கல்லடியை வெள்ளவத்தைக் கடற்காற்று துருவாக்கும். கொழும்பில் இருந்து ஊருக்குப் போய்வரும் நம்மவர்களின் வாகனங்களில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்.

பெயின்ட் எவ்வளவு தடிப்பு?

ஒரு புதிய காரின் கொம்பனிப் பெயின்ட் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பு. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு தலைமயிரைச் சேர்த்து வைத்தால் வரும் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான்கு படைகள் உண்டு. தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க மின்முறையில் பூசும் முதற்படை, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்புத் தரும் கிளியர். கல் ஒரு நொடியில் இந்த நான்கையும் துளைத்துத் தகட்டைத் தொட்டுவிடும்.

இந்த மெல்லிய படைதான் இரும்புக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் ஒரே தடுப்பு. போர் முடிந்தபின் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தீயில் பெயின்ட் போன தகடுகள் ஒன்றிரண்டு மாரிக்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. உப்புக் காற்றும் மழையும் அவ்வளவு வேகமாகத் தின்னும்.

கார்க் கொம்பனிகள் இதைச் சோதித்துத்தான் பெயின்டைத் தெரிவு செய்கின்றன. அமெரிக்காவின் எஸ்.ஏ.ஈ. அமைப்பு வகுத்த ஜே400 என்ற சோதனை பலரும் பின்பற்றுவது. ஏறத்தாழ அரை லீற்றர் அளவு சல்லிக்கல்லை அமுக்கக் காற்றினால் பெயின்ட் பூசிய தகட்டின்மீது வீசுவார்கள். பிறகு எத்தனை தழும்பு, எவ்வளவு பெரிது என்று எண்ணித் தரம் போடுவார்கள். அந்தச் சோதனையின் நோக்கமே உடையாத பெயின்டைத் தேடுவதல்ல, குறைவாக உடைவதைத் தேடுவது. கல்லுக்கு உடையாத பெயின்ட் என்று ஒன்று இல்லை.

பெயின்ட் ஒரு சான்றிதழ்

இனி என் தொழிலோடு சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். நமது நாட்டில் ஒரு பாவித்த கார் விபத்துக்குள்ளானதா இல்லையா என்று நம்பிப் பார்க்கக்கூடிய பதிவேடு வாங்குகிறவர் கையில் இல்லை. விற்கிறவர் வாயால் சொல்வதுதான். ஆகவே நாங்கள் காரின் பெயின்டைக் கேட்கிறோம். தடிப்பு அளக்கும் ஒரு சிறு கருவியைத் தகட்டில் வைத்தால் இலக்கம் காட்டும். 100, 120 என்று காட்டினால் கொம்பனிப் பெயின்ட். 200ஐத் தாண்டி 300 பக்கம் போனால் மறுபடி பெயின்ட் அடித்தது. 500, 1000 என்று ஏறினால் உள்ளே பட்டி இருக்கிறது, அதாவது அந்த இடம் நசுங்கி நிமிர்த்தப்பட்டது.

கல்லடித் தழும்பு பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒருவர் பொனெட்டுக்கு முழுதாகப் பெயின்ட் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் அடிபடவே இல்லை. ஆனால் விற்கும் நாளில் என் கருவி 280 காட்டும். வாங்க வந்தவர் சந்தேகப்படுவார். சந்தேகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளில் பாவித்த கார்களின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. திறந்தபின்னும் வரி கடுமையாக இருப்பதால் புதிய கார் பலருக்கு எட்டாத பொருள்தான். எனவே ஒரு வாகனம் இன்று வெறும் போக்குவரத்துச் சாதனமல்ல. அது சேமிப்பு. காணி உறுதி தொலைந்தவர்களும், காணி இன்னும் கைக்கு வராதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் தங்கச்சியின் கலியாணத்துக்கோ, பிள்ளையை வெளிநாடு அனுப்பவோ முதலில் விற்கப்படுவது வாகனம். அதன் கொம்பனிப் பெயின்ட், விற்கும் நாளில் காட்டும் சான்றிதழ்.

பிலிமின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. பளபளப்பு இரண்டாவது. மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டிய தேவை வராமல் தடுப்பதே அதன் வேலை.

பிலிம் என்றால் என்ன, எங்கிருந்து வந்தது?

பி.பி.எப். என்பது பெயின்டின் மேல் ஒட்டும் நிறமற்ற, இழுபடக்கூடிய ஒரு படலம். இது போரிலிருந்து வந்த பொருள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலும் அலகுகள் மணலும் கல்லும் பட்டுத் தேய்ந்தன. அவற்றின் முன்விளிம்பைக் காக்க 3எம் நிறுவனத்தின் பொலியூரிதேன் படலம் பயன்பட்டது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். அதன் அலகுக்குச் செய்த தோல் இன்று எங்கள் ஆட்களின் காரில் ஒட்டப்படுகிறது. பின்னர் அது பந்தயக் கார்களுக்கு வந்தது. அதன்பிறகு வீதிக் கார்களுக்கு வந்தது. ஆரம்ப காலப் படலங்கள் வெயிலில் மஞ்சளாகின. இப்போதைய நல்ல படலங்கள் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்திருக்கின்றன.

இப்போதைய பிலிமில் மூன்று படைகள். அடியில் பசை. நடுவில் ரி.பி.யு. எனப்படும், சூட்டில் இளகும் பொலியூரிதேன். மேலே மெல்லிய பூச்சு. மொத்தத் தடிப்பு பொதுவாக 150 முதல் 200 மைக்ரோன். அதாவது காரின் முழுப் பெயின்டையும்விடத் தடிப்பு. கல் வந்து அடிக்கும்போது இது றப்பர்போல் உள்வாங்கி, அடியைப் பரவவிட்டு, பழைய நிலைக்குத் திரும்புகிறது. மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் சூடு பட்டதும் மறைந்துவிடும். கொழும்பு வெயிலில் நின்ற கறுப்புப் பொனெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூடே போதும்.

ஆனால் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. கூரான பெரிய கல் அதிவேகத்தில் பட்டால் பிலிம் கிழியும். விபத்தில் நசுங்குவதை அது தடுக்காது. சாவியால் அழுத்திக் கீறினால் வெட்டுப்படும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் கூடுதல் தேவை?

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இப்போது ரொயோட்டா 86, மஸ்டா ஆர்.எக்ஸ்.8 போன்றவை நிற்பதைக் காணலாம். மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்காது. 1983 யூலையில் இதே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாகனங்கள் எரிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். பிறகு சோதனைச்சாவடிக் காலம். கண்ணில் படாத வாகனமே பாதுகாப்பு என்று வாழ்ந்த தலைமுறை அது. "எங்கட சனத்துக்கு இதெல்லாம் தேவையோ?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உழைத்து வாங்கிய பிள்ளையிடம் நான் அதைக் கேட்பதில்லை. வாங்கியதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு நிலத்தோடு ஒட்டியிருக்கும். முன்னால் போகும் வாகனத்தின் ரயர் எறியும் கல், உயரமான ஜீப்பில் பம்பருக்குக் கீழே போய்விடும். ஸ்போர்ட்ஸ் காரில் அது பம்பரிலும் பொனெட்டிலும் ஏறும். அடுத்தது ரயர். அகலமான, மென்மையான ரயர் சிறு கல்லை ஒட்டிக்கொண்டு சுழன்று, தன் காரின் பக்கத்திலேயே எறியும். ஆகவே கதவுக்குக் கீழுள்ள விளிம்பும் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள வளைவும் மணல் தேய்த்ததுபோல் ஆகிவிடும். சில கார்களில் பொனெட் அலுமினியம். அதில் செந்நிறத் துரு வராது, ஆனால் பெயின்ட் கொப்பளித்து உரியும்.

இதிலிருந்து எங்கே ஒட்ட வேண்டும் என்பது தெளிவாகும். முக்கியத்துவத்தின்படி சொல்கிறேன்:

1. முன்பம்பர் முழுவதும்.
2. பொனெட். முடிந்தால் முழுவதும், முடியாவிட்டால் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு. பாதியில் நிறுத்தினால் அந்த விளிம்பில் அழுக்குக் கோடு தெரியும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.
3. முன் மட்கார்ட்களின் முன்பாதி, பக்கக் கண்ணாடிகளின் முன்புறம்.
4. கதவுக்குக் கீழ் விளிம்பும் பின்சக்கர வளைவின் முன்பகுதியும்.
5. முன் லைற்றுகள். அவை பிளாஸ்ரிக். கல்லும் வெயிலும் சேர்ந்து மங்கச் செய்யும்.

கூரை, பின்கதவு, கதவுகளின் மேற்பகுதி ஆகியவற்றில் கல் படுவது மிகக் குறைவு. அங்கே பிலிம் ஒட்டுவது கீறலுக்கும் காக எச்சத்துக்கும்தான். காசு கணக்குப் பார்க்கிறவருக்கு முதல் ஐந்தும் போதும். முழுக் காருக்குக் கேட்கும் விலையில் அது ஒரு பகுதிதான் வரும். விலை கேட்கும்போது மொத்தமாகக் கேட்காமல், இடத்துக்கு இடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு முன்

முதலில் தடிப்பு அளந்து, ஒவ்வொரு தகட்டின் இலக்கமும் தெரியும்படி திகதியோடு படம் எடுத்து வையுங்கள். இது மிக முக்கியம். பிலிம் ஒட்டியபின் கருவி பெயின்டையும் பிலிமையும் சேர்த்தே காட்டும். 120 இருந்த இடம் 300 காட்டும். விற்கும் நாளில் பழைய படம் இல்லாவிட்டால், காப்பாற்றிய சான்றிதழை நீங்களே மறைத்தது போலாகிவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. பிலிம் ஒட்டிய கார் ஒன்றை வாங்கப் போனால், அது கீழே எதையாவது மறைக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டுமுன் எடுத்த அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மறுபடி பெயின்ட் அடித்த இடமா என்று பாருங்கள். சரியாகப் பிடிக்காத பெயின்டில் பிலிம் ஒட்டினால், பிறகு கழற்றும்போது பெயின்டும் சேர்ந்து வரும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அது முழுதாக இறுகக் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். பெயின்ட் அடித்தவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, துருவின்மேல் ஒட்ட வேண்டாம். ஏற்கனவே உள்ள கல்லடித் தழும்புகளை முதலில் சுத்தம் செய்து, பெயின்ட் தொட்டு மூடி, காயவிட்டு, அதன்பின் ஒட்டுங்கள். மூடி வைத்த துரு உள்ளே வளரும்.

நான்காவது, நிறமுள்ள பிலிம் பற்றியது. வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. நிறமற்ற பிலிம் ஒட்டினால் பிரச்சினை இல்லை. காரின் நிறத்தையே மாற்றும் பிலிம் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். லீசிங் முடியாத வாகனமென்றால் அந்த நிறுவனத்தையும் கேளுங்கள். வீதியில் மறித்துக் கேட்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் அனுபவம் நமக்குப் போதும்.

ஒட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை

வீதியோரத்தில், திறந்த கராஜில் ஒட்டுகிறவர்களிடம் கொடுக்க வேண்டாம். தூசிதான் இந்த வேலையின் எதிரி. மூடிய, குளிரூட்டிய, நல்ல வெளிச்சமுள்ள அறை வேண்டும். பிலிமை வெட்டுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, காரின் மாதிரிக்கு ஏற்ற வடிவத்தைக் கணினி மூலம் இயந்திரத்தில் வெட்டி எடுத்து ஒட்டுவது. மற்றது, துண்டைக் காரிலேயே விரித்து, பிளேட்டால் விளிம்பை வெட்டுவது. இரண்டாவது முறையில் கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கை தவறினால் பிளேட் பெயின்டை வெட்டும். அந்த வெட்டு பிலிமைக் கழற்றும் நாளில்தான் தெரியும். எந்த முறை என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வேலை நடப்பது இப்படி: காரை நன்றாகக் கழுவி, தாரும் இரும்புத் தூளும் எடுத்து, மென்சோப்புக் கலந்த தண்ணீர் தெளித்து, பிலிமை மேலே மிதக்கவிட்டு, இடம் பார்த்து, றப்பர்த் தகட்டால் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். விளிம்புகளில் பசை பிடிக்க அற்ககோல் கலந்த தண்ணீர் தெளிப்பார்கள். வளைவுகளில் மெல்லச் சூடாக்கி இழுப்பார்கள். முடிந்ததும் சில இடத்தில் தண்ணீர்க் கொப்பளம் தெரியலாம். அது சில நாட்களில், சிலவேளை சில வாரங்களில், தானாகப் போய்விடும். ஆனால் நடுவில் புள்ளி தெரிகிற கொப்பளம் தூசி. அது போகாது. வாகனத்தை எடுக்கும்போதே வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

பெயரால் ஏமாறாதீர்கள்

பி.வி.சி. படலத்தையும் பி.பி.எப். என்று விற்கிறார்கள். விலை குறைவு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். ரி.பி.யு. நன்றாக இழுபட்டு மெல்லத் திரும்பும். பி.வி.சி. விறைப்பாக இருக்கும், இழுத்தால் இழுத்தபடி நிற்கும். அடுத்து நகத்தால் மெல்லக் கீறி, சுடுதண்ணீர் ஊற்றுங்கள். தானாக மறையும் மேற்பூச்சு உள்ள பிலிமில் கீறல் போய்விடும். பி.வி.சி. நம் வெயிலில் இறுகி, வெடித்து, கழற்றும்போது துண்டு துண்டாக வரும்.

செராமிக் பூச்சும் பிலிமும் ஒன்றல்ல. செராமிக் பூச்சின் தடிப்பு ஓரிரு மைக்ரோன்தான். தண்ணீர் வழுக்கி ஓடும், அழுக்கு ஒட்டாது, கழுவச் சுலபம். ஆனால் கல்லை அது தடுக்காது. "செராமிக் அடிச்சா கல்லும் படாது" என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆலோசனையையும் நிதானமாக எடுங்கள். கனடாவில் குளிர்காலத்தில் வீதியில் உப்பும் மணலும் கொட்டுகிறார்கள். அங்கே கார் முழுவதும் அடிபடும். இங்கே பனி இல்லை. நமக்குள்ள சோதனை வெயில், ஈரப்பதன், கடற்காற்று. தயாரிப்பாளர்கள் 5 முதல் 10 ஆண்டுவரை உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகிறதா, மஞ்சளாவதும் விளிம்பு எழும்புவதும் அதில் அடங்குகிறதா, கழற்றி மாற்றும் கூலி யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். மாமா அங்கிருந்து பிலிம் உருளையை அனுப்பினால், இங்கே ஒட்டுகிறவர் அதற்குப் பொறுப்பெடுக்க மாட்டார். பற்றுச்சீட்டைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் காட்டி, விபத்தென்றால் பிலிமின் பெறுமதியும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒட்டிய பின்

முதல் ஒரு வாரம் கழுவ வேண்டாம். பிறகு வழமையான கார் ஷம்பு போதும். அமுக்கத் தண்ணீர்க் குழாயை விளிம்புக்குக் கிட்டப் பிடிக்க விடாதீர்கள். விளிம்பு எழும்பினால் அதற்குள் அழுக்குப் போய் நிரந்தரமாகக் கறுக்கும். தார் துடைக்க மண்ணெண்ணெய்த் துணி பாவிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிலிமில் அது வேண்டாம், பசையையும் மேற்பூச்சையும் கெடுக்கும். காகமும் வௌவாலும் எச்சமிட்டால் அன்றே கழுவுங்கள். பிலிம் பெயின்டைக் காக்கும், ஆனால் பிலிமிலும் கறை பிடிக்கும்.

மஞ்சளாகத் தொடங்கினால், விளிம்பு வெடித்தால், கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். இழுத்தடிக்க வேண்டாம். காலம் கடந்தால் பசை பெயின்டிலேயே தங்கிவிடும். கழற்றும்போது சூடாக்கி, தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். அதுவும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

பிலிமுக்குக் காசில்லாதவர்களுக்கு

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது: முழு பிலிம் தேவையில்லை. பத்து வருடம் ஓடிய, ஏற்கனவே பெயின்ட் அடித்த காருக்கு அது வீண்செலவு. யாழ்ப்பாணம் - கொழும்பு ஓடும் ஹையேஸ் வானுக்கு முன் கண்ணாடியின் கீழுள்ள தகட்டில் மட்டும் ஒரு பட்டை ஒட்டினால் போதும். தட்டையான மூக்கு என்பதால் கல் அங்கேதான் நேராகப் படுகிறது. துரு தொடங்குவதும் அங்கேதான்.

அதுவும் முடியாவிட்டால் செலவில்லாத, அல்லது மிகக் குறைந்த செலவான சில பழக்கங்கள் உண்டு.

டிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒரு வாகனம் செக்கனுக்கு ஏறத்தாழ 19 மீற்றர் போகிறது. மூன்று செக்கன் இடைவெளி என்றால் ஏறத்தாழ 58 மீற்றர். கல் எழும்பி விழுந்துவிட அது பெரும்பாலும் போதும். உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு.

நான்கு சக்கரத்துக்கும் மட்பிளாப் போடுங்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு அழகில்லை என்று கழற்றுகிறார்கள். கழற்றிய காரின் கதவுக் கீழ்விளிம்பைப் போய்ப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை காரைக் கழுவியபின் முன்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தழும்பு கண்டால் அந்த வாரத்திலேயே மூடுங்கள். நிறக் குறியீடு சாரதிக் கதவின் தூணிலோ, பொனெட்டுக்குள் உள்ள தகட்டிலோ எழுதியிருக்கும். அதைக் காட்டினால் பெயின்ட் கலக்கும் கடையில் சிறு போத்தலில் தருவார்கள். தழும்பைச் சுத்தம் செய்து, துரு தொடங்கியிருந்தால் அதை நீக்கி, ஈரமில்லாமல் துடைத்து, தீக்குச்சி முனையால் மெல்லிய படையாக இரண்டு மூன்று தடவை வையுங்கள். அழகாக இராது. ஆனால் துரு வராது. புள்ளியளவு தொட்டுவிட்ட பெயின்டுக்காக நான் ஒருபோதும் விலை குறைத்துச் சொன்னதில்லை. கவனமான சொந்தக்காரர் என்றுதான் எழுதுவேன்.

யாழ்ப்பாணத்தில் 1990களின் தடைக் காலத்தை நினைவுள்ளவர்களுக்குத் தெரியும். பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் பல அதற்கு நாற்பது ஆண்டுக்கு முன் வந்தவை. அவற்றுக்கு பிலிமும் இல்லை, செராமிக்கும் இல்லை. தடித்த தகடும், பழுது சிறிதாக இருக்கும்போதே பார்க்கும் கண்ணும்தான் இருந்தன. இன்றைய கார்களில் தகடு மெல்லியது. ஆனால் அந்தக் கண்ணை யாரும் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கார் புதியதா, பெயின்ட் கொம்பனியுடையதா, அதிவேக வீதியிலோ ஏ-9இலோ அடிக்கடி ஓடுகிறீர்களா, சில ஆண்டுகளில் விற்க நினைக்கிறீர்களா? நான்குக்கும் ஆம் என்றால் முன்பக்கத்துக்கும் கீழ்விளிம்புக்கும் நல்ல பிலிம் ஒட்டுங்கள். ஒட்டுமுன் அளந்து படம் எடுங்கள். இல்லையென்றால் ஒரு சிறு போத்தல் பெயின்டும் இரண்டு சோடி மட்பிளாப்பும் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசை லீசிங்குக்குக் கட்டுங்கள்.